வரலாமா?

ஐப்பசி பிறந்துவிட்டால் திருச்சிராப்பள்ளிக்காரனுக்கு ஒரு காட்சி கிடைக்கும். இரவெல்லாம் மழை கொட்டி விடியற்காலையில் வெறித்திருக்கும் சமயமாகப் பார்த்து உச்சிப் பிள்ளையார் கோயிலுக்கு ஏற வேண்டும். 400 சொச்சம் படிகள். ஏறி முடித்து, மூச்சு வாங்குவது நின்ற பிறகு, வடக்கே திரும்பிப் பார்த்தால் கீழே காவேரி. அதற்கு அப்பால் தென்னைகளுக்கு நடுவே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள். அவற்றுக்கும் அப்பால் கொள்ளிடம். புழுதியும் புகையும் கழுவப்பட்ட அந்த ஒரு மணி நேரம், வானமும் வயலும் சேருகிற இடத்தில் நீலமாக ஒரு கோடு தெரியும். பச்சைமலையும் கொல்லிமலையும்தான் அது. வெயில் ஏறியதும் கோடு மறைந்துவிடும்.

சென்ற ஐப்பசியில் ஒருநாள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பச்சைமலைக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வரவேண்டும் என்ற ஆசை எனக்குப் பிடித்துக்கொண்டது. எழுதிக்கொண்டிருந்த நாவல் நடுவழியில் நின்றுபோயிருந்தது. எழுத்து நின்றால் மலையேறத் தோன்றும். இது என் பழைய வியாதி.

மேல்நாட்டு நாவல்களைப் படிக்கிறவர்களுக்கு இந்த மாதங்கள் என்றால் இலைகள் பொன்னிறமாகி உதிர்வதும், காதலர்கள் அவற்றின்மேல் சருகு நொறுங்க நடப்பதும் நினைவுக்கு வரலாம். நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றார்கள். நம் பக்கத்தில் இது வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரம். இலை உதிராது. சில சமயம் மரமே சாய்ந்துவிடும். ஆகவே, போவதற்கு முன் நாலு பேரிடம் யோசனை கேட்கலாம் என்று எண்ணினேன்.

"எதுக்கப்பா நாலு பேர்? செல்போனில் எல்லாம் இருக்கிறதே" என்றான் என் பையன். அவனே பார்த்தும் சொன்னான். துறையூர் வரை இவ்வளவு தூரம், அங்கிருந்து சோபனபுரம் வழியாக மலைப்பாதை, மேலே டாப் செங்காட்டுப்பட்டி, அருவிகள் இன்னின்ன. அருவிகளின் படங்களும் வந்தன. எல்லாப் படங்களிலும் தண்ணீர் பாலாய்க் கொட்டியது. எல்லாப் படங்களிலும் யாரோ ஒருவர் அருவிக்கு முதுகைக் காட்டி நின்று சிரித்தார். வழி தெரிந்துவிட்டது. போகலாமா என்பது மட்டும் தெரியவில்லை. அதற்கு ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

முதலில் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் அத்தையைக் கேட்டேன். கேட்டேன் என்பதைவிட, அத்தை கேள்விப்பட்டாள் என்பதுதான் சரி.

"துலா மாசத்திலே ஊர் உலகமெல்லாம் காவேரியைத் தேடிண்டு வரது. நீ காவேரியை விட்டுட்டு மலைக்குப் போறேங்கறாய். நன்னா இருக்குடா உன் புத்தி!"

அத்தையின் கட்சியிலும் நியாயம் உண்டு. மற்ற மாதங்களில் ரங்கநாதருக்குக் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்தில் வருகிற திருமஞ்சன நீர், ஐப்பசியில் மட்டும் காவேரியிலிருந்து தங்கக் குடத்தில் யானைமேல் வரும். பெருமாளே இந்த ஒரு மாதம் காவேரிக்கு மாறிக்கொள்ளும்போது நான் மலைக்கு மாறுவது அவளுக்கு அபசாரமாகப் பட்டது.

அடுத்த வீட்டுக்காரர் பொன்மலை ரெயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "தாராளமாப் போங்க சார். ஐப்பசிதான் சரியான சீசன். ஆனா அட்டை இருக்கும். காலிலே உப்பும் புகையிலையும் தடவிக்கணும். சாக்ஸுக்குள்ளே பாண்டைச் சொருகிக்கணும். குடிக்க வெந்நீர்தான். இடது பக்கம் உட்கார்ந்தா பள்ளம் தெரியும், வலது பக்கம் உட்காருங்க" என்று அரைமணி நேரம் பொழிந்தார். கடைசியில், "நீங்கள் எந்த வருஷம் போனீர்கள்?" என்றேன். "எங்கே சார், போகணும் போகணும்னு முப்பது வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன்" என்றார். அவர் மனத்தால் அந்த மலையை எத்தனை முறை ஏறி இறங்கியிருக்கிறார் என்பதை நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரிய கடைவீதியில் நான் வழக்கமாகக் காகிதம் வாங்கும் கடைக்காரர் ஒருமுறை போய் வந்தவர்தான். ஆனால் அவர் சொன்னது பச்சைமலையைப் பற்றியதல்ல. அங்கே அவர் கார் நின்றுபோனதும், மைத்துனர் சண்டை போட்டதும், கொண்டுபோன புளியோதரை ஊசிப்போனதும் தெரிந்துகொண்டேன். மலையைப் பற்றிக் கேட்டபோது, "அதுபாட்டுக்கு இருக்கு" என்றார்.

போகாதீர்கள் என்று மூன்று பேர். போங்கள் என்று இரண்டு பேர். நான் மேலும் கேட்டுக்கொண்டே போனேன். ஆறாவது ஆளிடம் கேட்கும்போதுதான் எனக்கே என் திருட்டுத்தனம் தெரிந்தது. கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பும் வெள்ளையுமாகப் பொட்டலம் கட்டிச் சந்நிதியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வேண்டாத நிறம் வந்துவிட்டால், "குழந்தை சரியாகக் குலுக்காமல் எடுத்துவிட்டது" என்று மறுபடி போடுவார்கள். நான் கேட்ட யோசனையும் அந்த ஜாதிதான். போவதென்று தீர்மானம் ஆகிவிட்டது. பின்னால் ஏதாவது நேர்ந்தால், "அவர்தானே சொன்னார்" என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது.

யோசனை கேட்கும் நமக்கு அறிவு குறைவாக இருப்பதால் கேட்கிறோம் என்பது பாதி உண்மை. பழியைத் தனியாகச் சுமக்கத் தெம்பு இல்லாததாலும் கேட்கிறோம். அப்படியானால் யோசனை சொல்கிறவர் என்ன செய்கிறார்? தம்மை அறியாமல் அந்தச் சுமையின் ஒரு முனைக்குத் தோள் கொடுக்கிறார். இதை நான் வெறும் தர்க்கமாகச் சொல்லவில்லை. ஒரு தடவை அந்த முனை என் தோளில் இருந்தது. அது இருப்பது தெரியாமலே நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

இருபது வருஷங்களுக்கு முன்பு, அதுவும் ஒரு ஐப்பசி மாதம். மாலை ஆறரை மணி இருக்கும். மலைக்கோட்டை அடிவாரத்தில், மாணிக்க விநாயகர் சந்நிதிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வேஷ்டியை மடித்துக் கட்டிய ஒரு கிழவர், எட்டு வயசுப் பேரன் ஒருவனைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார். முசிறியைத் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்லி, "கடைசி பஸ் எத்தனை மணிக்குங்க? பையன் மேலே ஏறணும்னு அழுவுறான். போயிட்டு வர நேரம் இருக்குமா?" என்று கேட்டார்.

பையனைப் பார்த்தேன். அவன் என்னை அண்ணாந்து பார்த்த பார்வை, பரீட்சை ரிசல்ட்டைப் படிக்கப்போகிறவரைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"ஒன்பதரைக்கு இருக்குங்க. நிதானமாப் பார்த்துட்டு, சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்றேன்.

அந்த பஸ்ஸில் என் வாழ்நாளில் நான் ஏறியதில்லை. ஒன்பதரை மணிக்குத் துறையூருக்கோ முசிறிக்கோ ஒரு பஸ் கிளம்புவதை எப்போதோ பார்த்த ஞாபகம். அது போதுமானதாக எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை வெளியூர் போக சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஒரு தூணுக்கு அடியில் துண்டை விரித்துப் பையன் சுருண்டு படுத்திருந்தான். கிழவர் பக்கத்தில் குந்தியிருந்தார். இரவெல்லாம் சாரல் அடித்த இடம். அவர் வேஷ்டியின் ஒரு பக்கம் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. கடைசி பஸ் ஏழே முக்காலுக்கே போய்விட்டதாம்.

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். கோபித்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். "நேரம் மாத்திட்டாங்க போல இருக்குங்க" என்று எனக்காக அவரே ஒரு சமாதானம் சொன்னார். "பையன் உச்சிப் பிள்ளையாரைப் பாத்துட்டான். அது போதும். இவங்க அம்மாதான் ராத்திரி பூரா வாசல்லே உக்காந்திருக்கும்."

அந்த நாளில் எல்லார் கையிலும் செல்போன் இல்லை. அந்தத் தாய் எந்த வாசலில், எந்த இருட்டில் உட்கார்ந்திருந்தாளோ எனக்குத் தெரியாது. அவள் முகத்தையும் நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த இருபது வருஷத்தில் நான் எழுதிய கதைகளில் ராத்திரி வாசலில் காத்திருக்கும் பெண் எத்தனை முறை வந்துவிட்டாள் என்று ஒரு வாசகர் கணக்கெடுத்து எழுதியிருந்தார். காரணம் அவருக்குத் தெரிய நியாயமில்லை.

நான் பொய் சொன்னேனா? இல்லை. தீங்கு நினைத்தேனா? அதுவும் இல்லை. பையன் முகம் வாடக்கூடாது என்றுதான் சொன்னேன். வள்ளுவரின் தராசில் வைத்தால் தீங்கு இல்லாத சொல்லே வாய்மை. ஆனால் வழி சொல்கிறவன் வாயைத் திறக்கும்போது தீங்கு எங்கே இருக்கிறது? அது இரண்டு மணி நேரம் தள்ளி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறது. அதை எட்டிப் பார்க்காமல் சொன்னதுதான் என் குற்றம் என்று எனக்குப் படுகிறது. "தெரியாது" என்ற ஒரு சொல் என் நாக்கில் வரவில்லை. ஏன் வரவில்லை? ஒரு வெளியூர்க்காரர் என்னைத் தேர்ந்தெடுத்துக் கேட்கிறார். நான் உள்ளூர்க்காரன். மலைக்கோட்டை நிழலில் பிறந்து வளர்ந்தவன். எனக்கு எப்படித் தெரியாமல் போகும்? கிழவர் கேட்டது பஸ் நேரம். நான் காப்பாற்றிக்கொண்டது என் கௌரவம்.

ஒரு ஊரில் பிறந்திருப்பது வேறு, ஊரை அறிந்திருப்பது வேறு. திருச்சியில் பிறந்தவனுக்குத் தன் வீட்டுக்குப் போகிற பஸ் தெரியும். முசிறிப் பக்கத்துக் கிராமத்துக்குப் போகிற பஸ் முசிறிப் பக்கத்துக் கிராமத்தானுக்குத்தான் தெரியும். இது எவ்வளவு சாதாரணமான விஷயம், பாருங்கள்! இதை நம் பழம்புலவர்கள் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். ஆற்றுப்படை என்று ஒரு வகைப் பாட்டு உண்டு. பத்துப்பாட்டில் பாதிக்குப் பாதி, அதாவது ஐந்து, ஆற்றுப்படைகள்தான். அவற்றில் ஒன்று முருகனிடம் வழி காட்டுவது. மற்ற நான்கிலும் ஒரு கலைஞன் வள்ளலிடம் பரிசு வாங்கிக்கொண்டு திரும்புகிறான். எதிரே வறுமையோடு வருகிற இன்னொருவனை நிறுத்தி, "இந்த வழியாகப் போ, இன்ன இடத்தில் இன்னது கிடைக்கும்" என்று சொல்கிறான். மலைபடுகடாம் 583 அடியில் மலைப் பயணத்தையே விவரிக்கிறது. செங்கம் பக்கத்து நன்னனின் நாட்டுக்குப் போகிற கூத்தனுக்கு, பன்றிக்கு வைத்திருக்கும் பொறி எங்கே, பாம்பு கிடக்கும் குழி எப்படி இருக்கும், யானையை விரட்டக் காவலர்கள் எறியும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்குவது, வழுக்கும் இடத்தில் எப்படிக் கால் வைப்பது என்றெல்லாம் பெருங்கௌசிகனார் சொல்லவைக்கிறார்.

எனக்கு அந்தப் பாட்டில் பிடித்த அம்சம் இரண்டு. வழி சொல்கிறவன் இப்போதுதான் அந்த வழியாக வந்திருக்கிறான். கால் தூசி இன்னும் உதிரவில்லை. இன்னொன்று, அவன் அந்த வழியைச் சொல்வதால் அவனுக்கு நஷ்டம் வரக்கூடும். வள்ளலின் கை ஒன்றுதான். அடுத்த தடவை போகும்போது பங்குக்கு ஆள் இருக்கும். அப்படியும் சொல்கிறான். எதிரே வருகிறவன் போன தடவை தன்னைப்போலப் பசியோடு வருகிறான் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

இவ்வளவையும் யோசித்த பிறகு, திருச்சியில் கேட்பதை நிறுத்திவிட்டு ஒருநாள் துறையூருக்கு பஸ் ஏறினேன். மலைக்குப் போகிற பஸ் நிற்கும் இடத்தில் மலைக்காரர்கள் இருப்பார்கள் அல்லவா? கீழே சாமான் வாங்க வந்து, மூட்டைகளோடு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள். அவர்களையே கேட்டுவிடலாம் என்று தீர்மானித்தேன்.

பச்சைமலையில் வாழ்கிறவர்கள் மலையாளிகள் என்ற பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆளுகிறவர்கள், தமிழ் பேசுகிறவர்கள். முன்னொரு காலத்தில் காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் கிளம்பி வந்து ஆளுக்கொரு மலையாக ஏறிக் குடியிருந்தார்கள் என்று அவர்களுடைய கதை சொல்கிறது. அந்த அண்ணன் தம்பிகளும் அடிவாரத்தில் நின்று யாரிடமாவது வழி கேட்டிருப்பார்கள்.

டீக்கடை ஓரம் நின்றிருந்த இரண்டு வாலிபர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். "அடுத்த வாரம் வரலாம் என்று இருக்கிறேன். எப்படி இருக்கும்?"

"வாங்க சார், நல்லா இருக்கும்."

"மழை?"

"மழை இருக்கும் சார். வாங்க."

"பாதை சரிந்துவிடுமா?"

"சில நேரம் சரியும் சார். வாங்க, பாத்துக்கலாம்."

எதைக் கேட்டாலும் 'வாங்க' என்று முடிந்தது. இதில் அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நம் பாஷையே அப்படி. வீட்டைவிட்டுக் கிளம்புகிறவனைக்கூடப் 'போகிறேன்' என்று சொல்லவிடாமல் 'போய் வருகிறேன்' என்று சொல்லவைக்கிற ஜனங்கள் நாம். வருகிறேன் என்பவனிடம் வராதே என்று எப்படிச் சொல்வது? அதற்கான வாக்கியம் நம் மரியாதையில் இல்லை. வெளியூர்க்காரன் இந்த மரியாதையை உத்தரவு என்று எடுத்துக்கொண்டு பெட்டியைக் கட்டிவிடுகிறான்.

உப்பு மூட்டையும் ஒரு பிளாஸ்டிக் குடமும் வைத்துக்கொண்டு திண்ணை ஓரம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அறுபது அறுபத்தைந்து வயசு இருக்கும். வாலிபர்கள் நகர்ந்ததும், "ஏன் தம்பி, எதுக்கு வர்றே?" என்றாள்.

இந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. அத்தைகூடக் கேட்கவில்லை.

"மழையில் மலை எப்படி இருக்கும் என்று பார்க்க."

"பாத்து?"

நான் விழித்தேன். நாவல், மனநிலை, அமைதி என்றெல்லாம் உப்பு மூட்டைக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை. "எப்போது வந்தால் நன்றாக இருக்கும், அம்மா?" என்று கேள்வியைத் திருப்பிப் போட்டேன்.

"யாருக்கு?" என்றாள்.

குத்தலாகக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவேண்டியிருந்தது. நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அவளே சொன்னாள்: "ஐப்பசியிலே கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கும். எங்களுக்குக் காட்டிலே களை வேலை. ஒரு நாள் மழை விட்டா அன்னிக்கு எல்லாரும் காட்டிலே நிப்போம். நீ அருவிப் பக்கம் போவே. பாறை பாசி புடிச்சுக் கெடக்கும். வழுக்கி விழுந்தேன்னு வையி. உன்னை நாலு பேர் டோலி கட்டித் தூக்கணும். நாலு பேரும் என் மவன், என் தம்பி மவன், இப்படித்தான் இருப்பாங்க. வேற ஆளு ஏது? வேண்டாம் தம்பி. தை மாசம் வா."

இவ்வளவுதான் அவள் சொன்னது. பஸ் வந்துவிட்டது. மூட்டையை ஏற்ற நான் கைகொடுத்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதே வார்த்தைகள் என்னைச் சுற்றிக்கொண்டிருந்தன. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மூண்டது ஞாபகம் வந்தது. மலையேறப் போயிருந்தவர்கள் அதில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அது மழைக்காலம் அல்ல, கோடை. ஆனால் அந்தச் செய்திகளில் ஒன்று என் மனத்தில் தங்கியிருந்தது. தீ என்று கேட்டதும் ஓடிப்போய்க் காயம்பட்டவர்களைத் தூக்கிவரப் பாடுபட்டவர்களில் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களும் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளும் இருந்தார்கள். மேலே போனவர்களுக்கும் அவர்களுக்கும் அதற்கு முன் ஒரு பேச்சும் இருந்திருக்காது. நாம் ஒரு கிராமத்துக்குள் காலை வைக்கும்போது நம் உடம்பையும் அந்த ஊராரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். டிக்கெட் வாங்கியவர்களுக்கு இது தெரியாது. ஊராருக்குத் தெரியும்.

பட்டணத்தில் யோசனை சொல்வது இலவசம். என் அடுத்த வீட்டுக்காரர் புகையிலை தடவச் சொன்னார். நான் அட்டை கடித்துத் திரும்பினால், "அடடா!" என்பார். அதற்குமேல் அவருக்குச் செலவு இல்லை. மலைமேல் இருக்கிறவர் 'வா' என்று சொன்னால் அது ஜாமீன் கையெழுத்து. அந்த அம்மாள் கையெழுத்துப் போட மறுத்தாள். மரியாதைக் குறைவாக நடந்துகொண்டாள் என்று வேறொருவர் நினைக்கலாம். எனக்கென்னவோ, அன்றைக்கு என்னை ஒரு மனிதனாக மதித்துப் பேசியவள் அவள் ஒருத்திதான் என்று பட்டது. நான் விழக்கூடியவன் என்பதை அவள் ஒருத்திதான் எண்ணிப் பார்த்தாள்.

ஐப்பசிப் பயணத்தை விட்டுவிட்டேன். அத்தை தன் சொல் பலித்ததாக எடுத்துக்கொண்டு, அம்மா மண்டபத்தில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வரச் சொன்னாள். போட்டேன். தண்ணீர் கலங்கலாக, நுங்கும் நுரையுமாக, இழுப்போடு ஓடிக்கொண்டிருந்தது. படித்துறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழுகும்போது, இந்தத் தண்ணீர் எந்த மலைமேல் பெய்த மழையோ என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதம் பொங்கல் கழிந்து பச்சைமலைக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் ஆசைப்பட்ட மலையாக அது இல்லை. அருவியில் தண்ணீர் நூலாக இறங்கியது. பசுமை வெளிறிப் பழுப்பாகத் தொடங்கியிருந்தது. படங்களில் சிரித்தவர்களின் மலையைக் காணவே இல்லை. காலையில் பனி மட்டும் அழகாக இருந்தது. ஆனால் ஊர் நடமாடியது. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குப் போகிற லாரி ஒன்று நின்றது. யாருக்கும் அவசரமில்லை என்று சொல்ல முடியாது. இருந்தாலும், வந்தவனோடு நின்று பேச அவர்களுக்குக் கொஞ்சம் நேரம் இருந்தது.

ஆகவே அவள் சொன்ன யோசனை நல்ல யோசனையா? என் கண்களுக்கு அது நஷ்டம்தான். கூதிர் காலத்துப் பச்சைமலையை நான் இன்னும் பார்க்கவில்லை. இனியும் பார்க்கமாட்டேனோ என்னவோ. நண்பர் ஒருவர், "நீ அவளைக் கேட்காமலே போயிருக்கலாம்" என்றார். போயிருக்கலாம். ஆயிரம் பேர் போகிறார்கள். பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை. ஆனால் கேட்டுவிட்டேனே! கேட்பதற்கு முன் நான் சுதந்திரமானவன். ஒருத்தி தன் மகனையும் தம்பி மகனையும் கணக்கில் எடுத்துப் பதில் சொன்ன பிறகு, அந்தப் பதிலைத் தட்டிவிட்டுப் போனால் அவர்களைத் தெரிந்தே டோலிக்கு அடியில் நிறுத்துகிறவன் ஆவேன். தட்டத்தான் போகிறோம் என்றால் கேட்காமலே இருப்பதுதான் யோக்கியம்.

அந்த அம்மாளைத் தேடிக் கண்டுபிடிக்க வெகு நேரம் ஆகவில்லை. கிழங்கு பிடுங்கிய காட்டோரத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். "வந்துட்டியா? இப்ப சரி" என்றாள். அவித்த கிழங்கும் மிளகாய்த் துவையலும் ஒரு தட்டில் வந்தன. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் பேத்தியும் வந்து சற்றுத் தள்ளி நின்றாள். பன்னிரண்டாவது படிக்கிறாளாம்.

"தம்பி திருச்சிதானே?" என்று கிழவி ஆரம்பித்தாள். "இவ திருச்சியிலே காலேஜ் படிக்கணுங்கிறா. வாத்தியாரம்மாவும் அனுப்புங்கன்னு சொல்லுது. இவங்க அப்பன் பயப்படுறான். இங்கேருந்து யாரும் அவ்வளவு தூரம் போனதில்லே. எங்களுக்கு அங்கே ஒருத்தரையும் தெரியாது. நீ சொல்லு தம்பி. அனுப்பலாமா?"

கையில் இருந்த கிழங்கு அப்படியே நின்றுவிட்டது. 'தாராளமாக அனுப்புங்கள், திருச்சி நல்ல ஊர், எத்தனையோ பெண்கள் படிக்கிறார்கள்' என்ற வாக்கியம் முழுசாக நாக்கு நுனிக்கு வந்தது. அத்தனையும் உண்மைதான். அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் முன்பே ஒருமுறை, மாணிக்க விநாயகர் சந்நிதிக்குப் பக்கத்தில், பார்த்திருக்கிறேன்.

காலேஜ் படிப்பைப் பாதியில் விட்டவனிடம் வந்து கேட்கிறாளே கிழவி என்று நினைத்துக்கொண்டேன். விடுதிகள் எப்படி, என்ன செலவு, மலைக் கிராமத்துப் பெண்ணை அங்கே எப்படி நடத்துவார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் என் வீடு தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதும், என் மனைவிக்குப் பெண் குழந்தை இல்லை என்பதும்தான்.

"அம்மா, காலேஜைப் பற்றி எனக்குச் சரியாகத் தெரியாது. நானும் என் சம்சாரமும் நேரில் போய் விசாரித்துவிட்டு எழுதுகிறோம். சேர்ப்பதென்று ஆனால், இவளையும் இவள் அப்பாவையும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வந்து நான் அழைத்துக்கொள்கிறேன். முதல் வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வரட்டும்."

கிழவி தலையை ஆட்டிக்கொண்டாள். பேத்தியின் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "இங்கேருந்து காலையிலே கிளம்பினா அந்த பஸ்ஸு அங்கே எத்தனை மணிக்கு வந்து சேரும் தம்பி?" என்றாள்.

"தெரியாதம்மா. கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.